ரோஜாவின் பின்பக்கம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் ஷூவின் மேல்பாகம் தைத்தேன். அங்கே செக்கர் முதலில் திருப்பி உள்தையலைத்தான் பார்ப்பார். வீட்டில் நான் போடும் எம்பிராய்டரியின் எந்தப் பக்கத்தையும் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் பிரவுசிங் சென்டருக்குப் போய், எம்பிராய்டரி போடுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் படத்துக்கு, நான் தைத்த ரோஜாவின் பின்பக்கத்தை ஸ்கேனரில் வைத்தேன்.

“இன்னாக்கா, திருப்பி வெச்சிட்டீங்க?” என்றான் சென்டர்காரன்.

“வேலை தெரிஞ்சவங்க இதைத்தான் பார்ப்பாங்க. நீ ஸ்கேன் பண்ணு.”

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு பதில் இருந்தது: ‘முன்பக்கம் எங்கே?’ பின்னால் ஒரு முடிச்சுகூட இல்லாமல் சுத்தமாக முடித்திருந்ததை ஒருத்தியும் கவனிக்கவில்லை. எரிச்சலோடு முன்பக்கத்தையும் போட்டேன். மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தேன். கேட்டவளும் திரும்ப வரவில்லை.