வேலையை விட்ட காரணம்: திருமணம்

எங்கள் விவாகரத்தில் ஒரு குத்துவிளக்குகூடக் குறையவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவர்கள் வீட்டில் இன்றும் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம்.

நான் கேட்டது குத்துவிளக்கை அல்ல. என் முதல் வேலையின் ஐந்து வருட பி.எஃப். பணத்தை. அது என் கணவராக இருந்தவர் பெயரில் இருக்கும் சேலையூர் ஃப்ளாட்டுக்குள் போய்விட்டிருந்தது.

போன விதம் எளிமையானது. நிச்சயதார்த்தம் முடிந்த மாதம் அது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இடம் கிடைத்தது. பழைய கம்பெனியின் பி.எஃப்.பைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது எடுத்துவிடலாம். மாற்றுவது என்றுதான் என் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். அதே மாதம் அவர் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. ஒரு லட்சம் குறைந்தது. என் கணக்கில் இருந்தது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

எடுப்பதென்றால் வேலையை விட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பில்டர் ஒரு மாதம்தான் கொடுத்திருந்தார். எங்கள் ஆபீசில் பி.எஃப். பார்க்கும் அக்காவிடம் போய் நின்றேன்.

"ரெண்டு மாசம்லாம் வெய்ட் பண்ண வேணாம்மா. பொண்ணுங்களுக்கு ஒரு வழி இருக்கு. கல்யாணத்துக்காக வேலையை விடறேன்னு போடு, உடனே குடுத்துடுவாங்க."

"நான் வேற கம்பெனிக்குத்தானேக்கா போறேன்?"

"கல்யாணம் ஆகப்போகுதா இல்லையா?"

"ஆகப்போகுது."

"அப்புறம் என்னடி பொய்யி? ஸ்வீட் எங்க?"

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். அவர் எதிரில் உட்கார்ந்து பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'வேலையை விட்ட காரணம்' என்ற இடத்தில் என் பேனா நின்றது.

"நான்தான் காரணம்னு எழுதேன்," என்றார் அவர்.

இருவரும் சிரித்தோம். 'திருமணம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து என் ஃபைலில் வைத்தேன். எந்தக் காகிதத்தையும் நகல் எடுக்காமல் கொடுக்க மாட்டேன். ஃபைலின் முதல் பக்கத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசை எண்ணோடு பட்டியலும் ஒட்டியிருப்பேன். அந்த ஜெராக்ஸ் பதினேழாவது. பணம் வந்ததும் ரொக்கமாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பத்திரப்பதிவு கல்யாணத்துக்கு முன்பே நடந்தது. "இன்னும் கல்யாணமே ஆகல, எப்படி உன் பேரைப் போடறது? அப்புறமா சேத்துடலாம்," என்றார்கள். அப்புறம் கேட்டபோது, பெயர் சேர்க்க முத்திரைத்தாள் செலவு எவ்வளவு தெரியுமா என்றார்கள். புருஷன் பெயரில் இருந்தால் என்ன, பெண்டாட்டி பெயரில் இருந்தால் என்ன என்றும் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி அப்போது நியாயமாகத்தான் பட்டது.

குடும்பச் செலவைப் பிரித்துக்கொண்டதும் வசதிக்காகத்தான். வீட்டுக் கடன் தவணை அவருடைய சம்பளத்தில். மளிகை, கரண்ட் பில், தண்ணீர் லாரி, அவருடைய அம்மாவின் மாத்திரை, வேலைக்கார அம்மா, விருந்தாளி எல்லாம் என் சம்பளத்தில். இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றே. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் அவருடைய பணம் மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறையாக நின்றது. என்னுடைய பணத்தைச் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தோம்.

நாங்கள் பிரிந்ததற்கான காரணங்களை இங்கே எழுதப்போவதில்லை. பத்து வரிக்குள் அடங்கிவிடும், பத்தும் சலிப்பூட்டுபவை. சேர்ந்தே மனுப் போடுவது என்று முடிவானது. கிழக்குத் தாம்பரத்தில் என் அப்பா வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரே தாளில் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு இருவர் பி.எஃப்.பிலும் சேர்ந்ததைக் கூட்டிச் சரிபாதி. ஃப்ளாட்டில் நான் போட்ட முன்பணத்துக்கு உரிய பங்கு. அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம்.

என் வக்கீல் மேடம் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்தார்.

"அழகா போட்டிருக்கீங்க. ஆனா அவர் பேர்ல இருக்கறது அவரோடது, உங்க பேர்ல இருக்கறது உங்களுது. நம்ம ஊர்ல அவ்ளோதான். கேட்டுப் பாப்போம், குடுத்தா வாங்கிக்கலாம்."

"முன்பணம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்தது. வரதட்சணைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. ஒரு வாரத்துல செக் வீடு தேடி வரும்."

"அவங்க கேக்கல மேடம். நானாத்தான் குடுத்தேன்."

"அது எனக்குத் தெரியும்மா. எழுதறீங்களா இல்லையான்னுதான் கேக்கறேன்."

எழுத மாட்டேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஃபேனைக் கூட்டி வைத்தார்.

பேச்சுவார்த்தை மேடம் ஆபீசிலேயே நடந்தது, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. என்னோடு அப்பா. என் கணவரோடு அவருடைய தாய்மாமா, பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா கையில் என் கல்யாணத்துக்கு எழுதிய சீர் வரிசைப் பட்டியல், மூலையில் மஞ்சள் தடவியது. அதை அவர் முதலிலிருந்து வாசித்தார். வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டு. பித்தளை அண்டா ஒன்று. எவர்சில்வர் குடம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்ப்பார். அப்பா "ஆமாங்க" என்பார். சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, கரண்டி பன்னிரண்டு. நாற்பது நிமிடம் ஆனது.

"ஒரு ஸ்பூன் குறைஞ்சாலும் சொல்லுங்கோ சம்பந்தி. அடுத்தவங்க பொருள் எங்களுக்கு வேணாம்."

அப்போதுதான் என் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு சிரித்தார்.

"பி.எஃப்.ல பங்கா? அது அவன் வயசான காலத்துக்கு இருக்கற பணம்மா. அதுல போய் யாராவது கை வைப்பாங்களா?"

"என்னோடதும் வயசான காலத்துப் பணந்தான் சார்."

நான்கு வருடம் அவரை மாமா என்று கூப்பிட்டிருந்தேன். சார் என்றதும் அவர் முகம் மாறியது. மருமகனைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. மேல் மூலையில் என் கையெழுத்தில் பதினேழு என்று வட்டம் போட்ட எண்.

"வேலையை விட்ட காரணம், திருமணம்." மாமா சீர் வரிசையை வாசித்த அதே குரலில் வாசித்தார். "கல்யாணத்துக்குன்னு நீயே எழுதி எடுத்திருக்க. கல்யாணச் செலவு. புடவை, சாப்பாடு, மேளம்னு எல்லாரும் செலவு பண்ணதுதான். அதுல ஃப்ளாட்டு எங்கம்மா வந்துச்சு?"

நான் அவரைப் பார்த்தேன், மாமாவை அல்ல. ஃபைலை அந்த வீட்டு அலமாரியில் விட்டு வந்தது என் தவறு. பட்டியலைப் பார்த்துத் தேடியிருப்பார். தேடவே வேண்டியிருந்திருக்காது.

"அந்தப் பணம் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பினார். "ரெக்கார்டுல என்ன இருக்கோ அதானே பேச முடியும்," என்றார்.

சோதனைப் பிரிவில் ஐந்து வருடம் நானும் அதையேதான் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். பதிவில் இல்லாதது நடக்கவில்லை.

வக்கீல் மேடம் என் பக்கம் திரும்பினார். அவருடைய விரல் வெள்ளைத் தாள் கட்டின் மேல் இருந்தது. ஒரு வார்த்தை. பணம் வெளியே வருவதற்கு ஒரு வார்த்தை எழுதினேன், திரும்பி வருவதற்கு இன்னொரு வார்த்தை எழுதச் சொல்கிறார்கள். முதல் வார்த்தையையே சிரித்துக்கொண்டு எழுதியவளுக்கு இரண்டாவதில் என்ன கூச்சம் என்று யாராவது கேட்டிருக்கலாம். நான் தலையை அசைத்து மறுத்தேன்.

"விடும்மா," என்றார் அப்பா. "மரியாதையா முடிச்சுக்கலாம்."

யாருடைய மரியாதை என்று நான் கேட்கவில்லை. ஃப்ளாட்டும் கடனும் அவருக்கு, அவரவர் பி.எஃப். அவரவருக்கு, நகையும் பாத்திரமும் எனக்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கீழே அதற்கு நான்கு நகல் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரங்களை ஏற்றிவர ஒரு குட்டியானை வண்டி பேசினேன். அண்டாவில் ஒட்டியிருந்த கடை லேபிளைக்கூட யாரும் கிழித்திருக்கவில்லை. டிரைவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் புச்சா கீதேக்கா. வூட்ல யாருக்குக் கண்ணாலம்?"

"முடிஞ்சிடுச்சு," என்றேன்.

"நல்லாயிருக்கட்டும்க்கா."

இப்போது அவை அப்பா வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. என் பெயரும் அவர் பெயரும் வெட்டியிருப்பதால் எங்கேயும் தூக்கிக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. எடைக்குப் போட்டால் அந்த முன்பணத்தில் பாதிகூடத் தேறாது. விசாரித்துவிட்டேன்.

செங்கல்பட்டில் தீர்ப்பு வந்த வாரம் நாவலூர் ஆபீசில் என் பி.எஃப். வாரிசு நியமனத்தை மாற்றினேன். அவர் பெயரை அடித்து அம்மா பெயர், பங்கு நூறு சதவீதம். அப்போதுதான் நினைவு வந்தது, அவருடைய படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். கல்யாணமான மாதத்தில். அவருக்குப் படிவம் நிரப்பப் பிடிக்காது. என் பெயர், உறவு மனைவி, பங்கு நூறு சதவீதம், எல்லாம் என் கையெழுத்தில். அவர் அதை மாற்றியிருக்க மாட்டார். மாற்ற வேண்டும் என்று யாராவது பட்டியல் போட்டுக் கொடுத்தால்தான் செய்வார்.

விவாகரத்துக்குப் பிறகு அது செல்லாது என்று மேடம் சொன்னார். செல்லும் என்றாலும் அதற்கு அவர் முதலில் சாக வேண்டும். அவருடைய வயதான காலத்துப் பணத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று எழுதிய ஒரே காகிதம் அது. அதற்கு மட்டும் நான் ஜெராக்ஸ் எடுத்து வைக்கவில்லை.