இலண்டன் மகனுக்கு ஓர் அடையாள அட்டை

சிறைக்குள் போகும்போது வாங்கி வைத்த பொருட்களை, வெளியே விடும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். பிறகு நான் அண்ணை என்று கூப்பிடப் பழகிய ஒருவரின் பையை முதன்முதல் பார்த்தது ஒரு பெப்ரவரிக் காலையில். ஒரு பெல்ட், செத்துப்போன போன், பஸ் கார்ட், ஒரு சீப்பு. அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. பிடித்தது கோடையில், விட்டது பனியில். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அலுவலகக் கதிரை நுனியில், பையை மடியில் வைத்தபடி, டொக்டரைப் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். இவர் இன்னார் என்று சொல்ல அந்தப் பைக்குள் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

சிறையிலிருந்து வருபவர்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை போல இருக்கும். அட்டை இல்லாதவருக்கு வாடகைக்கு அறை இல்லை, வேலை இல்லை, வங்கி இல்லை. அந்த அட்டையை எடுக்கப் போனால் இன்னோர் அட்டையைக் காட்டு என்பார்கள். இந்த நாட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழாவது இங்கே எங்கோ ஓர் அலுவலகத்தில் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அகதியாக வந்து, குடியுரிமை எடுத்த அண்ணைக்கு அந்தக் குடியுரிமைப் பத்திரம் ஒன்றுதான் ஆதாரம். அது தொலைந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அண்ணை குடிவெறியில் ஒரு மனிதரை அடித்து மூக்கை உடைத்தவர். அதை அவர் மறைக்கவுமில்லை, நியாயம் சொல்லவுமில்லை. அறையோ வேலையோ கூட அவர் கேட்கவில்லை.

“அம்மா கடைசி நிலையில இருக்கிறா, தங்கச்சி. ஒருக்கா முகத்தைப் பாக்க வேணும்” என்றார்.

தாயார் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். குடும்பம் பெயர் கொடுத்தவர்களைத்தான் அங்கே உள்ளே விடுவார்கள். மற்றவர்கள் படம் உள்ள அட்டையைக் காட்டி, என்ன உறவு என்று நிரூபிக்க வேண்டும். அண்ணை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார். “அட்டையில என்ர பேரோட அப்பான்ர பேர் இருக்கும். அம்மான்ர பேரோடயும் அதுதான் இருக்கு. பிறகு ஆர் என்னை மறிக்கிறது?” என்று என்னிடமே கேட்டார்.

பழைய பத்திரமெல்லாம் தன் தங்கை வீட்டில் இருக்கும் என்றார். அஜின்கோர்ட்டில் இருந்த அந்த வீட்டுக்கு நான் போனேன். தங்கை நல்ல மனுசிதான். தேத்தண்ணி தந்தார், ரோல்ஸ் தந்தார், மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருப்பதைச் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அண்ணை லண்டனில எண்டுதான் பிள்ளை, எல்லாருக்கும் சொல்லியிருக்கிறம். மாப்பிள்ளை பகுதி முதல்முதல் வீட்டுக்கு வர முன்னம் அவற்ற சாமான் எல்லாத்தையும் எறிஞ்சிட்டம். பாஸ்போட், சிற்றிசன் பேப்பர், ஒண்டும் மிச்சமில்லை.”

இல்லத்தில் அவர் பெயரையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். “அங்க வேலை செய்யிறதில பாதிப்பேர் எங்கட சனம். ஒருத்தர் கண்டாலே போதும், கலியாணம் நிண்டிடும்” என்று அழுதார்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இவ்வளவு வசதியான பொய் வேறெந்தச் சனத்துக்குக் கிடைக்கும்? எங்களில் யாருக்குத்தான் இலண்டனிலும் பாரிசிலும் ஒருவர் இல்லை? இலண்டன் என்று சொன்னால் மேலே ஒரு கேள்வி வராது.

புதிய பத்திரத்துக்கு விண்ணப்பித்தோம். அண்ணை கிழமைக்குக் கிழமை வந்தார். குடியைத் தொடவில்லை. “வந்திட்டுதோ?” என்பார். இல்லை என்றால், “பரவாயில்லை, அம்மா இருப்பா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவார். பனி கரைந்தது. பத்திரம் வரவில்லை.

இணையத்தில் மரண அறிவித்தலை நான்தான் கண்டேன். எங்கள் வழக்கப்படி பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அவரவர் இருக்கும் நாட்டையும் ஊரையும் போட்டிருந்தார்கள். அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் இலண்டன் என்று இருந்தது. என் போனை வாங்கி அவர் நெடுநேரம் பார்த்தார். “அம்மான்ர வடிவான படமாப் பாத்துப் போட்டிருக்கினம்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

தாயின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் யாரும் யாரிடமும் அட்டை கேட்கவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. உயிரோடு இருந்த தாயைப் பார்க்க அத்தனை தடை, செத்தபின் யாரும் போய்ப் பார்க்கலாம். அண்ணை பெட்டிக்கு முன்னால் போய் ஒரு பூ வைத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே விலகி வந்து கடைசி வரிசையில் என்னோடு இருந்தார். தங்கை எங்களைக் கண்டார். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் செய்யவேண்டிய கிரியையைத் தங்கையின் மகன் செய்துகொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் அண்ணையின் பக்கம் சரிந்தார்.

“ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை. லண்டனில. ஏதோ பேப்பர் பிரச்சினையாம், தாயின்ர முகம் பாக்கக்கூட வர ஏலாமப் போச்சு. பாவம். நீங்கள் சொந்தமோ?”

நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“இல்லை ஐயா. தெரிஞ்ச ஆள்” என்றார்.

எல்லாப் படியும் தாண்டி அட்டை வந்தபோது கோடை முடிந்துகொண்டிருந்தது. படம் நன்றாக விழுந்திருந்தது. பெயருக்குப் பக்கத்தில், அவர் சொன்னபடியே, தகப்பனின் பெயரும் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி இதை நான் ஆருக்குக் காட்டுறது, தங்கச்சி?” என்று கேட்டார்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்று பேனாவை நீட்டினேன். இன்றைக்கும் அதே மேசையில் இருந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் பேனாவைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.