பூரணியக்காவின் கொடி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பூரணியக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாதவிலக்குத் துணிகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பவர். பிள்ளைகள் வெட்கப்பட்டு அவற்றைக் கட்டிலுக்கடியில் காயவைத்தார்கள். சரியாகக் காயாத துணியின் ஈரத்தில் புண் வந்து, பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தார்கள். அக்கா துணிகளை வாங்கிக் கழுவி, வாசல் கொடியில் வெயிலில் போட்டார்.

கோயிலுக்குப் புறப்பட்ட பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரமலை பார்த்துவிட்டார். "கண்ட கருமத்தையும் நடைவழியில தொங்கவிடுறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தி, அத்தனையையும் இழுத்துச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தார்.

அக்கா பொறுக்கியெடுத்து, மறுபடி கழுவிப் போட்டார். பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கொடிக்கடியில் உட்கார்ந்தார்.

"இப்ப கை வைங்க மாமா, பாப்பம்."

"பேய் புடிச்சவ!" என்று திட்டிக்கொண்டே, அவர் அந்த நடைவழியை விட்டு மலைப்பக்கமாகச் சுற்றிக் கோயிலுக்குப் போனார். துணி காயும்வரை அக்கா எழும்பவில்லை.