தபீதாள் அக்காவின் வண்டி நின்ற இடம்

சாம்பசிவன் சார் எதிரில் வந்தால் நான் இன்றைக்கும் வணக்கம் வைப்பதில்லை. அவர் வைப்பார். நான் வண்டியின் பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே எதையோ தேடுவேன். ஏழெட்டு வருஷமாக இப்படித்தான். நல்ல மனிதர், படித்தவர், யாரையும் ஒரு சொல் சொல்லாதவர் என்று சேலையூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். தபீதாள் அக்கா தன் மாவு மில்லுக்கு முன்வாசலை அடைத்துப் பின்வாசல் வைத்தது அவர் பேச்சால்தான். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சர்ச்சில் ஆண்டு மலர் போடுகிறார்களாம், அக்காவைப் பற்றி எழுது என்று கேட்டார்கள். நான் சர்ச்சுக்காரன் இல்லை. ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் அவளோடு அதிகம் அலைந்தவன் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

அக்காவும் அவள் புருஷன் துரைராஜும் கேம்ப் ரோட்டில் மில் வைத்திருந்தார்கள். ஒரு மிஷினில் மாவு, இன்னொன்றில் மிளகாயும் சீயக்காயும். பிள்ளை குட்டி கிடையாது. எண்பத்தேழில் துரைராஜ் அண்ணன் மெட்ராசில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வண்டி கிடைக்கவில்லை. பிணம் என்றதும் டாக்சிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். நான் அப்போது ஒரு மளிகைக் கடை டெம்போவில் டிரைவர். மில்லுக்குக் கோதுமை இறக்கிப் பழக்கம். செய்தி கேட்டுப் போய், கோணி விரித்து, அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் முதலாளி, "பொணம் ஏத்தின வண்டியில நான் எப்பிடிடா பருப்பு ஏத்துறது?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "பொன்னுசாமி, உனக்கு வேலை பூட்ச்சி. எனக்கு ஆளு பூட்டாரு. நாம ஒரு வண்டி வாங்குவோம்."

"இன்னா வண்டி அக்கா?"

"சாவு வண்டிதான். யாரு கேட்டாலும் போவணும். கிறிஸ்டீனு, இந்து, காலனி, குப்பம் எதுவும் பாக்கக் கூடாது. எம் புருஷன் மாதிரி யாரும் கோணியில வரக் கூடாதுடா."

"வாங்குறதுக்கு உன்கிட்ட இன்னா கீது?"

"மில்லு கீது."

அவள் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. சர்ச்சில் வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கை கொடுப்பார்கள். அக்கா அதை மில்லுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வாசலில் ஒரு டிரம். அரைக்க வருகிறவர்கள் எது கொண்டுவந்தாலும் அதில் ஒரு பிடி போட வேண்டும். கோதுமை, கேழ்வரகு, கடலை, பயறு எல்லாம் கலந்து விழும். டிரம் நிறைந்ததும் வறுத்து அரைத்துச் சத்துமாவு. பொட்டலம் கட்டி நான் குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் நின்று விற்பேன். "சாவு வண்டிக்கு சத்துமாவு வாங்குங்க" என்று கூவினால் எவன் வாங்குவான்? "நல்ல காரியத்துக்கு" என்று மட்டும் சொல்வேன். வாங்கினார்கள்.

ஒருநாள் எங்களிடம் சத்துமாவு வாங்கின கங்கம்மா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கஞ்சிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டாள். பானையில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை.

"யக்கோவ், இது குடிக்கிறதுக்கா, தலைக்கு ஊத்திக்கிறதுக்கா?"

அக்கா ஒரு விரல் தொட்டு நக்கினாள். முகம் சுருங்கியது. பிறகு, "ரெண்டுத்துக்கும் ஒரே ரேட்டுதான் கங்கம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

யாரோ டிரம்மில் உடைத்த சீயக்காயை ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். பாதிச் சத்துமாவைக் குப்பையில் கொட்டினோம். விஷயம் பரவி, இரண்டு நாள் கழித்து லோகநாயகி டீச்சர் வந்தார். சாம்பசிவன் சாரின் சம்சாரம்.

"தபீதாள், அது என் கைதான். ஒரு பையில கோதுமை, ஒரு பையில சீயக்காய். உங்ககிட்ட பேசிண்டே எதிலேர்ந்து எடுத்தேன்னு பார்க்கலை. ரொம்ப ஸாரிம்மா."

"அதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் கண்ணு கலங்குறீங்க? ஊருக்கே வவுறு பளபளன்னு ஆயிடுச்சி."

டீச்சருக்கு மனசு ஆறவில்லை. காலனியில் வீடு வீடாக ஏறி வண்டிக்கு நன்கொடை கேட்டார். பிறகு அவர் வீட்டுக்காரரும் இறங்கினார். காலனிச் சங்கத்துச் செயலாளர் அல்லவா, சாம்பசிவன் சார் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அந்த உதவியை நான் மறுக்கவில்லை. தொண்ணூறில் பழைய மெட்டடார் வேன் ஒன்று வாங்கி, வெள்ளை அடித்து, அமரர் ஊர்தி என்று எழுதினோம்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் சாம்பசிவன் சார். மனிதாபிமானம் பற்றி அரைமணி பேசினார். எல்லோரும் கை தட்டிக் கலர் குடித்தார்கள். கூட்டம் கலையும்போது நான் சும்மா கேட்டேன்: "சார், வண்டியை எங்க வுடட்டும்?"

எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்தார்கள். அதுவரை ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

சர்ச் வளாகத்தில் கல்யாணம் நடக்கும் என்றார்கள். கோயில் பக்கம் கேட்கவே முடியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் பிள்ளைகள் பயப்படும். பெட்ரோல் பங்கில் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எம் மில்லு வாசல்ல வுடுடா" என்றாள்.

வண்டி நன்றாக ஓடியது. டீசலுக்குக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்களிடம் கேட்கவில்லை. குப்பத்துக்கும் போனேன், காலனிக்கும் போனேன். ஆனால் மில்லுக்கு ஆள் வருவது குறைந்தது. கல்யாண வீட்டு மாவு முதலில் நின்றது. பிறகு தீபாவளி முறுக்கு மாவு. தூக்கும் டப்பாவுமாக வந்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் எதையோ மறந்தவர்கள் போலத் திரும்பி, வேறு மில்லுக்கு பஸ் ஏறினார்கள். பாதி நாள் மிஷின் சும்மா கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவன் சார் ஆறேழு பேரோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. வண்டி நல்ல விஷயம், நானே கலெக்ட் பண்ணேன். ஆனா டெய்லி ஆபீஸ் கிளம்பறச்சே இது முகத்துல முழிக்க வேண்டியிருக்கும்மா."

"அதுக்கு இன்னா சார் பண்ணலாம்? முக்காடு போட்டு வுடட்டுமா?"

"ஜோக் இல்லைம்மா. கொஞ்சம் தள்ளி நிறுத்தினா..."

"எங்க தள்ளி? யாரு வூட்டு வாசல்னு கையைக் காட்டுங்க. இப்பவே பொன்னுசாமி கொண்டாந்து வுடுவான்."

ஒரு கை உயரவில்லை. கூட வந்தவர்களில் ஒருத்தர் கைக்குட்டை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"முகூர்த்த நாள்ல மட்டுமாவது..." என்றார் சார்.

"முகூர்த்த நாள்ல சாவுக்கு லீவா சார்?"

சார் கிளம்பத் திரும்பினார். போகும்போது மெதுவாக, "உங்க பிசினஸ் படுத்துடுமேன்னுதான் எனக்குக் கவலை. ஒண்ணு மில்லு, இல்லேன்னா வண்டி. ரெண்டும் ஒரே வாசல்ல நிக்காது" என்றார்.

அவ்வளவுதான். வையவில்லை, மிரட்டவில்லை. ஆனால் அந்தச் சொல் அக்காவைப் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் கொத்தனாரைக் கூட்டிவந்து முன்ஷட்டரைச் சுவர் வைத்து அடைத்தாள். பின்பக்கம் சந்தில் ஒரு கதவு போட்டாள்.

"வண்டி முன்னாடி நிக்கட்டும். மில்லு பின்னாடி போவட்டும்."

"அக்கா, உன் எடத்துலயே நீ இன்னாத்துக்குத் திருடன் மாதிரி கொல்லைப்பக்கமா போற?"

"நான் எங்கடா போறேன்? அரைக்க வர்றவங்க போறாங்க. அவங்களுக்கு மனசு கூசுது. கூசாம வரட்டுமே."

வந்தார்கள். சந்து வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு, வண்டி இருக்கும் திசையைப் பார்க்காமல். நான் ஒருமுறை ஒரு அம்மாவிடம், "பயப்படாம வாங்க, வண்டி இன்னிக்கு உங்களுக்கு இல்ல" என்றேன். அக்கா அளவுப் படியைத் தூக்கி என் முதுகில் வைத்தாள். "அரைக்க வந்தவங்க கிட்ட வாயை வுட்ட, கையை ஒடிச்சிடுவேன்."

ஆனால் அந்த அறைக்குக் காற்று முன்ஷட்டர் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சுவர் வைத்த பிறகு மாவுத் தூசு போக வழியில்லை. அறையிலேயே சுற்றியது. அக்காவின் புருவம், இமை எல்லாம் வெள்ளை. ஒரு வருஷத்தில் இருமல் வந்தது. அடுத்த வருஷம் இழுப்பு. அந்தச் சுவரில் ஒரு ஜன்னலாவது வை என்று கெஞ்சினேன். திறந்தால் வண்டிதான் தெரியும் என்றாள். டாக்டர் சர்க்கரை என்றார், வயசு என்றார். நான் அந்தப் பின்கதவு என்கிறேன்.

தொண்ணூற்றாறு ஐப்பசி. அடைமழை. காலையில் மில்லுக்குப் போனால் அக்கா மூட்டைமேல் சாய்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ரோட்டில் முழங்கால் தண்ணீர், ஒரு ஆட்டோ இல்லை. வண்டியைச் சந்து முனைக்குக் கொண்டுவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வண்டியைப் பார்த்ததும், "இன்னாடா, அவ்ளோ அவசரமா?" என்றாள்.

"முன்சீட்டுல குந்து அக்கா."

"முன்சீட்டுக்கு டிக்கெட்டு ஜாஸ்தியா?"

வழியில் டீக்கடையில் ஒதுங்கி நின்ற ஒருத்தன், வண்டியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அக்கா முன்சீட்டிலிருந்து திருப்பிக் கும்பிட்டாள். அந்த ஆள் முழித்த முழியில் அவள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, எனக்கு ரோடு தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்திலேயே ஜன்னலோரம் ஒரு கட்டில் கொடுத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அவசரத்தில் நான் வண்டியை அந்த ஜன்னலுக்கு நேராகவே விட்டிருந்தேன். எதிர்க் கட்டில் பெண்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "யாருக்கும்மா வந்துகீது? எனக்கா?" என்று துணைக்கு இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

அக்கா அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். பிறகு என்னைக் கிட்டே வரச் சொல்லி, ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"பொன்னுசாமி, வண்டி இங்க வாணாம். படுத்துகினு கீறவங்க பாவம், பயப்படுறாங்க. எடுத்துகினு போய் கண்ணுக்குத் தெரியாத எடத்துல வுட்டுட்டு வா."