கறிக்கடைக்காரர் மகளின் மொச்சைப் பயறு

கம்பத்தில் என் அப்பா ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். அவருடைய மகளான நான் பதினைந்து வயதில் கறி தின்பதை விட்டுவிட்டேன். சாமிக்கு நேர்ந்துகொண்டோ, ஆட்டின் மேல் இரக்கப்பட்டோ விடவில்லை. மஞ்சள்காமாலை வந்து மாதக்கணக்கில் பத்தியச் சோறு சாப்பிட்டேன். உடம்பு தேறியபின் அம்மா ஆசையாக எலும்புக் குழம்பு வைத்துத் தந்தபோது வாய் ஏற்கவில்லை. மறுவாரமும் ஏற்கவில்லை. முட்டை வாசனைக்கும் குமட்டியது. சரி, இனி வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போய், விளையாட்டில் சேர்ந்து இரும்புக் குண்டு எறியத் தொடங்கும் வரைக்கும் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூற்றெட்டு வாக்கில் இருக்கும். என் தோள் அகலத்தைப் பார்த்துத்தான் எங்கள் பி.டி. மேடம் என்னை மைதானத்துக்கு இழுத்தார். முதல் வருடம் நன்றாகவே எறிந்தேன். இரண்டாம் வருடம் பயிற்சி கூடக் கூட உடம்பு இறங்கிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் இருக்கிற வேகம் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஒருநாள் குண்டைக் கையில் வைத்தபடியே கண் இருட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சத்தம் போட்டார். "ஒங்க அப்பா கறிக்கடைதான வச்சிருக்காக? ஈரல் தின்னு, முட்டை தின்னு. இல்லையா, குண்ட வச்சுட்டுப் போயிரு. ரசஞ்சோத்துல சதை பிடிக்காது."

"குண்டையும் விடமாட்டேன் மேடம். கறியும் திங்கமாட்டேன்."

மேடம் என் கையிலிருந்த குண்டை வாங்கிக்கொண்டார். "மதுரையில நடக்கப்போற காலேஜ் போட்டி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தேறலன்னா வேற பிள்ளையத்தான் கூட்டிட்டுப் போவேன்."

அம்மா என்னை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தமும் குறைவு, புரோட்டீனும் குறைவு என்றார் அவர். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலையில் இட்லி, மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி தோசை என்றேன்.

"பருப்பு, பயறு?"

"சாம்பார்ல இருக்கும்ல டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "கறிய விட்ட, சரி. அதுக்குப் பதிலா என்னத்தச் சேத்த?"

பிறகு அவரே விளக்கினார். மூன்று வேளையும் பயறோ பருப்போ கடலையோ ஒன்று வேண்டும், தொட்டுக்கொள்ள அல்ல, வயிறு நிறைய. பாலும் தயிரும் தனி என்று சொல்லி, ரத்தத்துக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே சந்தையில் மொச்சையும் தட்டாம்பயறும் பாசிப்பயறும் வாங்கி வந்தேன். அம்மாவுக்கு எரிச்சல். "ஒருத்திக்குன்னு தனி ஒலையாடி? ஊருக்கே கறி போடுற வீட்டுல ஒனக்குப் பயறு ஊற வச்சுக்கிட்டுக் கெடப்பனா?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. நானே பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டது அத்தனை சுலபமாக இல்லை. முதல் வாரம் மொச்சையைச் சரியாக ஊறவிடாமல் அவித்து ஒரு கிண்ணம் தின்றுவிட்டு மைதானத்துக்குப் போனேன். வயிறு உப்பி, குனிந்தால் மானம் போகிற நிலைமை. தோழிகள் தள்ளி நின்று சிரித்தார்கள். அதன்பிறகு ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டும் பெருங்காயமும் தட்டிப்போட்டு, குழைய வேகவைத்தேன். அளவையும் ஒரேயடியாக ஏற்றாமல் மெல்ல மெல்லக் கூட்டினேன். சோயா உருண்டை வேறு மாதிரி சோதித்தது. பல்லில் பட்டதும் கறி போலவே இருக்க, துப்பிவிட்டேன். பிறகு அதை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கிச் சோற்றில் பிசைந்துகொண்டேன். கறி நினைப்பு வரவில்லை. காலையில் இட்லிக்குப் பதிலாகப் பாசிப்பயற்றை அரைத்துத் தோசை. பயிற்சி முடிந்ததும் பையில் வறுத்த நிலக்கடலை. படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பால். அலுத்துப்போன நாளும் உண்டு. அன்றும் தின்றேன்.

அந்த நேரத்தில்தான் கடையில் ஒரு வாடிக்கைக்காரர் எல்லார் முன்னாலும் அப்பாவைக் கேட்டிருக்கிறார். "என்ன மாமா, ஒம்ம மகளே ஒம்ம கறியத் தொடமாட்டாளாமே? அப்புறம் நாங்க எத நம்பி வாங்குறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் கையாலேயே ஈரல் வறுவலை என் தட்டில் வைத்தார்.

"ஏத்தா, எனக்காக ஒரே ஒரு துண்டு."

"வேணாம்ப்பா."

"நான் விக்கிறத நீயே ஒதுக்குனா ஊர்ல என்ன பேசுவாக?"

"பேசுறவுகள நான் எறியிறதப் பாக்க வரச்சொல்லுங்கப்பா."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார்.   நான் அந்தத் துண்டை அம்மாவின் தட்டுக்கு மாற்றிவிட்டு, என் பயற்றைத்தான் தின்று முடித்தேன். அதன்பிறகு பல நாள் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை.

தை பிறந்து சந்தையில் பச்சை மொச்சை குவிந்த சமயம், பயிற்சியின் கடைசியிலும் கையில் வலு மிச்சம் இருப்பதை முதன்முதலாக உணர்ந்தேன். குண்டு விழுந்த இடத்தில் மேடம் குச்சி நட்டு வைப்பார். அதைத் தாண்டித் தாண்டி விழுந்தது.  மேடம் குச்சியைப் பிடுங்கித் தள்ளி நட்டார். மதுரைக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

போட்டி நாளன்று என் கடைசி எறிக்கு நிற்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்பதைப் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். மூச்சை இழுத்து, சுழன்று, உள்ளதெல்லாம் சேர்த்து எறிந்தேன். அதுவரை நான் எறிந்ததிலேயே அதுதான் தூரம். இரண்டாவதாக வந்தேன்.

வேறு கல்லூரிக் கோச் ஒருவர் எங்கள் மேடத்திடம் வந்து, "கடைசி எறியிலயும் இப்படிப் போடுதே, இந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று விசாரித்தார். மேடம் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மொச்சப்பயறுங்க. நான் கறிக்கடைக்காரன்தான். ஆனா எம்மக கறியத் தொடாது. எல்லாம் மொச்சப்பயறு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

ஊர் திரும்புமுன் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். தனக்கு மட்டன் சுக்கா சொன்னார். பிறகு சர்வரிடம், "பிள்ளைக்குப் பயறு போட்ட கூட்டு எதுவும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் சூடாக அவித்த கடலைப் பொட்டலம். என் இலையோரம் கொட்டிவிட்டு, "உரிச்சுத் தின்னு. நாளைக்கும் எறியணும்ல?" என்றார்.

அடுத்த வருடம் முதலாவதாக வந்தேன். உடற்கல்வி படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது உறவுக்காரர்கள் கறிச்சாறும் முட்டையுமாக வந்து நின்றார்கள். இந்த முறை நான் மயங்கி விழும்வரை காத்திருக்கவில்லை. மூன்றாம் மாதமே டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பயறும் பாலும் மாத்திரையும் தவறாமல் எடுத்துக்கொண்டேன். மகள் நல்ல எடையோடு பிறந்தாள்.