சிரிப்போடு முடித்த பத்தி

போன செவ்வாய்க்கிழமை. பிளஸ் ஒன், மதியம் முதல் பீரியட். வெளியே விடாத மழை, உள்ளே நாற்பது கொட்டாவி... நாற்பத்தோராவது என்னுடையது.

நடத்த வேண்டியது இலக்கிய விமர்சனம். ஓர் ஆங்கிலக் கவிதையையும், அதைப் பற்றி ஒரு பெரியவர் எழுதியதையும் படித்தோம். "அவர் சொன்னது இருக்கட்டும், உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"கைடுல இருக்கறதுதாங்க டீச்சர் தோணுது!" என்றான் கடைசி பெஞ்ச்சில் ஒருவன்.

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. வருஷா வருஷம் இதே கேள்வி, இதே கைடு. என்றோ செத்துப்போன கவிஞரைப் பற்றிக் கேட்டால் எந்தப் பிள்ளைதான் வாயைத் திறக்கும்?

சரி, உயிரோடு இருக்கிற ஆளைக் கொடுப்போம் என்று, போன வருஷம் இந்தப் பக்கத்தில் வந்த என் பத்தி ஒன்றை, பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுத்து மறுநாள் நீட்டினேன். தமிழில் இருந்தால் என்ன, விமர்சனத்தை இங்கிலீஷில் எழுதட்டுமே!

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நடுவட்டம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா. "உங்க பொண்ணு இங்கிலீஷ் நல்லாப் பேசறா" என்றேன். "பேசட்டுங்க. என்னை இங்கிலீஷ்ல திட்டினாக்கூட எனக்குப் புரியாதுங்களே, நிம்மதி!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு பத்தியை முடித்திருந்தேன். ஆஹா ஓஹோ என்று கடிதங்கள் வந்தன. நானும் கொஞ்சம் மிதந்தேன்.

வகுப்பும் பாராட்டித் தள்ளியிருந்தது. ஒரு பேப்பரில் மட்டும் ஒரே வரி — 'எழுதியவர் முடிவை மறைத்துவிட்டார்.'

எழுதியது ரோஸ்லின். அந்த அம்மாவின் மகள்! அவள் இதே வகுப்பில் இருப்பதையே மறந்திருந்தேன். எழுதி முடித்ததும் ஆட்களை மறந்துவிடுகிற ரகம், பத்தி எழுதுகிற நாங்கள்.

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். "என்னம்மா மறைச்சேன்?"

"சிரிச்சு முடிச்சதும் அம்மா அழுதாங்க டீச்சர். நான் பக்கத்துலயே இருந்தேன். நீங்கதான் தண்ணி பாட்டிலை எடுத்துக் குடுத்தீங்க. அதை எழுதலை." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஏன் அழுதாங்கன்னு கேட்டீங்களா டீச்சர்?"

கேட்கவில்லை. பத்திக்கு வரி கிடைத்துவிட்டது, அப்புறம் கேள்வி எதற்கு? வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் விமர்சனம் நடத்தியிருக்கிறேன்... எது விட்டுப்போயிற்று என்று பார்ப்பதும் விமர்சனம்தான் என்று ஒரு பிள்ளை எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் கையெழுத்துப் போட அந்த அம்மா அரை நாள் லீவு போட்டு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் தாமதமாக அந்தக் கேள்வியையும் கேட்டேன்.

"இவ திட்டறது வெளங்காம, நாலு பேரு முன்னாடி நான் பல்லைக் காட்டிட்டு நிப்பேனுங்களே டீச்சர்... அதை நெனச்சேன். அழுகை வந்துருச்சு."

ரோஸ்லின் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எதுக்கும்மா உன்னைத் திட்டப் போறேன்?"

"இதை எழுதட்டுங்களா?" என்று அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதுங்க டீச்சர். இந்த வாட்டி எல்லாரும் சிரிக்கற மாதிரி எழுதிராதீங்க."