‘ஓம்’ என்றால் சம்மதமா?

நான் கோயம்புத்தூரில் பள்ளியில் படித்தபோதே எங்கள் குடும்பம் மோர்மன் கிறிஸ்தவ சபையில் சேர்ந்திருந்தது. இருபத்தோரு வயதில் ஒன்றரை ஆண்டு ஊழியத்துக்காக என்னைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் பெண் என்பதால் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியைக் கொடுத்தார்கள். ஊழியர்கள் எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எனக்கு அமைந்த துணை ஓர் அமெரிக்கப் பெண். வயதில் என்னைவிடச் சின்னவள், ஊழியத்தில் ஆறு மாதம் மூத்தவள். அதனால் முடிவெடுப்பது அவள். வாயாக இருப்பது நான்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில் ஒரு சேலைக் கடை இருந்தது. அதன் பின்னறையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பார். ஒரு மழை நாளில் வாசலில் நனைந்துகொண்டு நின்ற எங்களை அவர்தான் உள்ளே கூப்பிட்டு, துணிக்கட்டுகளை ஒதுக்கி உட்கார வைத்தார். பிறகு வாராவாரம் போனோம். என் துணை பிரெஞ்சில் பேசுவாள், நான் தமிழில் சொல்வேன். அக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே “ஓம்... ஓம்...” என்பார். யாழ்ப்பாணத்தில் ‘ஆம்’ என்பதற்கு அதுதான் சொல், ஆனால் அவர் சொன்னது நாம் “ம்” கொட்டுவோமே, அப்படி.

நான்காம் வாரம் துணை ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டாள். தமிழில் கேட்டேன். அக்கா கையிலிருந்த துணியின் அளவைப் பார்த்தபடியே, “ஓம் பிள்ளை, பாப்பம்” என்றார்.

“ஆம், பார்க்கலாம் என்கிறார்” என்றேன். துணை முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே அக்காவுக்கு ஞானஸ்நானத் தேதி குறித்து எங்கள் ஊழியத் தலைவருக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று கண் கலங்க அறிவித்தாள். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.

“அவர் சம்மதிக்கவே இல்லை” என்றேன் வெளியே வந்ததும்.

“நீதானே ‘ஆம்’ என்று சொன்னாய்?”

அடுத்த முறை போனபோது அக்கா ஒரு கடிதத்தை நீட்டினார். விசா புதுப்பிக்க அரசு அலுவலகத்தில் ரொந்தேவு, அதாவது சந்திப்பு நேரம், கொடுத்திருந்தார்கள். “எனக்காகப் பிரெஞ்சு கதைக்க வாற, திரான்சியிலை இருக்கிற என்ரை மகளுக்கு அண்டைக்குப் படிப்புச் சோதனை. நீர் ஒருக்கா என்னோடை வருவீரோ, பிள்ளை?”

துணையிடம் சொன்னேன். அந்த நாள் காலை எங்களுக்கு ஊழியர் கூட்டம் இருந்தது. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஞானஸ்நானத் தேதியை உறுதிப்படுத்தச் சொல். அப்போது கூட்டத்துக்குப் போகாமலிருக்கத் தலைவரிடம் அனுமதி கேட்பது எளிது.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒருத்தர் நாட்டில் தங்க முடியுமா என்பதே அந்தத் தாளில் இருக்கிறது, இவள் பேரம் பேசுகிறாள்! அந்தப் பேரத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. நடந்ததை எல்லாம் அக்காவிடம் கொட்டிவிட்டேன்.

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“நான் எப்ப சம்மதிச்சனான்? நீர் கதைக்கிறதைக் கேக்கிறன் எண்டுதானே ஓம் எண்டனான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போறவள்.”

“தெரியும்க்கா. நான் அவகிட்டச் சொன்னேன்.”

“அவவிட்டைச் சொன்னனீர். என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

சபையில் அத்தனை பேர் கை குலுக்கியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கேயே தலைவரிடம் தொலைபேசியில் பேசினேன். துணை சிவந்த முகத்துடன் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவர் முழுவதையும் கேட்டார். “அந்தத் தேதியை அழித்துவிடுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் இரண்டு பேரும் துணைக்குப் போங்கள்” என்றார்.

அக்கா என்னைச் சும்மா விடவில்லை. “வாரும். ஆனால் அங்கை நான் சொல்லுறதைத்தான் நீர் சொல்லவேணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

அப்படியே செய்தேன். தற்காலிக அனுமதித் தாள் கிடைத்தது. வெளியே நடைபாதையில் அக்கா எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார். உடனே துணை என் பக்கம் திரும்பி, “ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவாரா என்று கேள்” என்றாள்.

“நீயே கேள்.”

அவள் திகைத்தாள். பிறகு மெதுவான பிரெஞ்சில் கேட்டாள். அக்காவுக்குக் கடைப் பிரெஞ்சு போதுமானதாக இருந்தது.

“நோன், மெர்சி.” வேண்டாம், நன்றி என்றார் சிரித்த முகத்துடன். என் தோளைத் தட்டிவிட்டு மெத்ரோ படிகளில் இறங்கிப் போனார்.

துணை அதன் பிறகு என்னுடன் தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்று வாரத்தில் என்னைத் தெற்கே ஒரு நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே தமிழர் யாரையும் நான் சந்திக்கவில்லை. ஊழியத்தை முழுதாக முடித்தேன், விசுவாசமும் போகவில்லை. அவள் மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் இன்றும் ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்காமல் அத்தனை கைகளையும் குலுக்கிய என் மேலேயே இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது.